கண்ணாடிக்குள் தண்டை

1.

இந்தக் காலத்துச் சனங்களுக்கு எதையும் வைத்துப் புழங்கத் தெரியவில்லை. மாட்டி வைத்துப் பார்க்கத்தான் தெரிகிறது. ஆட்டுக்கல்லில் பூச்செடி நடுகிறார்கள். வண்டிச் சக்கரத்தை ஓட்டல் சுவரில் அறைகிறார்கள்.

போன மாதம் புதுச்சத்திரத்தில் என் சினேகிதன் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடி பிரேம். உள்ளே, ராசிபுரம் பட்டுத்துணிமேல் அவன் பெண்சாதி அத்தாயியின் வெள்ளித் தண்டைகள். எங்கள் பக்கம் பிரேம் போட்டு மாட்டினால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டேன். ஒரு சேதி சொல்லக் கூடாதா என்று அவனைக் கடிந்தும்விட்டேன்.

உள்ளறையிலிருந்து அத்தாயி சொன்னாள்: "இன்னும் போகலீங்ணா. உக்காருங்க, காப்பி வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கருப்பண்ணன் மூஞ்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இந்தக் கதையின் நுனியை அங்கேதான் பிடித்தேன்.

2.

"நிலவை வளைத்துச் செய்தாற்போல அவள் காலில்..."

[அடித்துவிட்டேன். நிலவை எவன் வளைத்தான்?]

"கருப்பண்ணன் சாதுவான மனுசன்..."

[பொய்.]

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான், சோடித்து எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை வியாதியில் அத்தாயிக்குக் கால் வீங்கி, தண்டை சதையில் பதிந்து புண்ணாகிவிட்டது. சேலத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் வெட்டித்தான் எடுத்தார்கள். அதை உருக்கிப் பெரிதாகச் செய்து, புண் ஆறியதும் அவளுக்குப் போட்டுவிட வேண்டும் என்று கருப்பண்ணன் எண்ணியிருந்தான். அதற்குள் மருமகள் சௌமியா பிரேம் போட்டுவிட்டாள்.

3.

முதலில் சௌமியாவைப் பகட்டுக்காரியாகத்தான் எழுதினேன். [தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுவது அவள். கதைக்கு இடைஞ்சல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.]

அன்றைக்கு நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, கருப்பண்ணன் ஆணி பிடுங்கும் குறடோடு வந்து பிரேமுக்கு அடியில் நின்றான். தண்டையை உருக்கக் கொடுக்க வேண்டும் என்றான்.

சௌமியா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மாமா, புண்ணு ஆறிரும். ஆனா, அந்தக் காலுல இனி எதுவும் போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க."

"அவன் என்ன சாமியா?"

அத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தாள். "ஏனுங்க, காலுல கெடந்த வரைக்கும் ஒரு நாளாச்சும் நின்னு பாத்தீங்களா? இப்பத்தானுங்க பாக்கறீங்க. இருக்கட்டும் உடுங்க."

அவன் பார்த்ததில்லைதான். கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மாட்டுக்கொட்டாயில் இருக்கிறாளா, அடுப்படியில் இருக்கிறாளா என்பதெல்லாம் அவனுக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். கண்ணாடிக்குள் அது எப்படிச் சத்தம் போடும்? இதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குறடை மேசைமேல் வைத்தான்.

4.

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அத்தாயி புதுத் தண்டையோடு களத்துமேட்டுக்கு நடக்கிறாள். மற்றதில் கருப்பண்ணன் பிரேமைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறிவிடுகிறான்.

இரண்டையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதலாவதற்கு, "என்ன அளவுல செஞ்சாங்க?" என்று கேட்டான். நான் அவசரமாக அடுத்த தாளைப் புரட்டினேன். இரண்டாவதை முடிக்கும் முன்பே எழுந்துவிட்டான்.

"நீயுந்தாம்ப்பா அவளுக்குப் பிரேம் போட்டுட்டே" என்றான்.

நான் இரண்டையும் கிழித்துவிட்டேன். குறடு இன்னும் அந்த மேசைமேல்தான் கிடக்கிறது. ஆணியைப் பிடுங்குவதோ விடுவதோ இனி படிக்கிற உங்கள் பாடு, எனக்கு வேறு முடிவு தோன்றவில்லை. படித்துக் காட்டிய அன்றைக்கு அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளறைப் பக்கம் ஒரு தரம் காது கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான்.