இங்கே ஒரு படம் இருக்கு

பாடங்களைக் கேசட்டில் படித்துப் பதிவு செய்யும்போது, படம் வரும் இடத்தில் ரேகா "இங்கே ஒரு படம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். கேட்பவன் எழிலன். கம்மாபுரத்துப் பையன், பிறவியிலேயே பார்வை இல்லை. சிதம்பரத்தில் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தான். ரேகா இயற்பியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். அது 2006.

"ஒவ்வொரு படத்துக்கும் என்னைய வாசல்லயே நிக்க வச்சிட்டுப் போயிடுறீங்கக்கா," என்றான் ஒருநாள். "படம் போட்டாத்தான் முழு மார்க்கு. சீனியருங்க அந்தக் கேள்விய வுட்டுடுன்றாங்க. நான் வுட மாட்டேன்."

ரேகா அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தாள்.

வீட்டில் அம்மா அமராவதி தையல் வேலை செய்பவள். துணியில் அளவுக் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் பதிக்க அவளிடம் ஒரு பல் சக்கரம் இருந்தது. ரேகா பழைய காலண்டர் தாளை மடித்த போர்வைமேல் விரித்து, சக்கரத்தை அழுத்தி உருட்டினாள். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று காட்டும் தேவைக் கோடு இடமிருந்து வலமாக இறங்கியது.

"என்னாடி, காலண்டருக்கு ரவிக்கை தைக்கிறியா?" என்றாள் அம்மா.

தாளின் பின்புறம் புள்ளிகள் மேடாக எழும்பியிருந்தன. மறுநாள் கல்லூரி மரத்தடியில் எழிலன் அவற்றைத் தடவினான். விரல் நின்றது. சிரித்துவிட்டான்.

"வெல ஏற ஏற ஜனம் ஜாஸ்தி வாங்குதா? எந்த ஊருக்கா இது?"

ரேகா தாளைப் புரட்டினாள். பின்புறத்தில் எல்லாமே இடம் வலமாக மாறியிருந்தது. காது சுட்டது.

"நாங்க பிரெயில் எழுத்தயே வலப்பக்கத்துலேர்ந்துதான் குத்துவோம். திருப்புனா நேரா வந்துடும்."

அன்று மாலையே வலமிருந்து வரைந்தாள். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் படம். எழிலனின் இரு விரல்களும் ஆளுக்கொரு கோட்டில் நடந்துவந்து ஓரிடத்தில் முட்டிக்கொண்டன. அங்கேயே வெகுநேரம் இருந்தன.

"இவ்ளோதானா? இதுக்கா நாலு பக்கம் படிச்சீங்க?" என்றான் மெதுவாக.

பரீட்சையில் அவனுக்காக எழுத ரேகாவே உட்கார்ந்தாள். அவள் வேறு பாடம் படித்தவள் என்பதால் அனுமதித்தார்கள். அவன் சொல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது.

மழை பொய்த்து நெல் வரத்து குறைந்தால் விலை என்ன ஆகும்? படத்துடன் விளக்குக.

ரேகா கேள்வியைப் படித்துக் காட்டினாள். அந்தப் படத்தை அவள் செய்து கொடுக்கவே இல்லை.

எழிலன் மேசைமேல் விரலை வைத்தான்.

"மொதல்ல பழைய ரெண்டு கோட்டையும் போடுங்க. இப்ப அளிப்புக் கோட்ட மட்டும் ஒரு வெரல் அகலம் இடது பக்கம் தள்ளி இன்னொன்னு போடுங்க. சாய்வு மாறக் கூடாது. அது தேவைக் கோட்ட வெட்டுற எடம் பழசுக்கு மேல, கொஞ்சம் இடப்பக்கமா வரும். அங்க ஒரு புள்ளி."

பென்சில் நகர்ந்தது. அவன் சொன்ன இடத்திலேயே கோடுகள் வெட்டின. விலை ஏறி நின்றது. எத்தனையோ வரைபடம் வரைந்தவள் ரேகா. யாரும் காட்டாத கோடு ஒன்று ஒருவனின் விரல்நுனியிலிருந்து எழுந்து வந்து தாளில் உட்காருவதை அன்றுதான் பார்த்தாள்.

"போட்டாச்சாக்கா?"

"ம்."

"திருப்பிப் போட்டுடலயே?"

சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தாள்.