யாருக்குத் தண்ணீர் ஊற்றுவது?

கப்பலில் வந்த ஃபுளூ காய்ச்சல் மதராஸைத் தாண்டிவிட்டது என்று பேப்பரில் படித்த அன்றே, கவுன்சிலர் கண்ணுசாமி திண்டுக்கல்லைக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டார். அம்மைக்குக் கட்டுவதுபோல வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்ட உத்தரவு போட்டார். காய்ச்சல் கண்டவர் ஒருவர்கூட இல்லாத தெரு, வேப்பந்தோப்பாகிவிட்டது.

மறுநாள் பொன்னழகுவின் புருஷன் மலைச்சாமி பினாங்கிலிருந்து வந்தான். மூன்று வருஷம் கழித்து வந்தவன், வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டான். அம்மையாக ஆத்தா வந்திருக்கும் வீட்டுக்குள் பயணம் வந்தவன் கால் வைக்க மாட்டான்.

"யாருக்குப் புள்ள அம்மை போட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லங்க. கவுன்சிலரு கட்டச் சொன்னாரு."

"அப்ப அவுத்துரு."

"சும்மா அவுக்கக் கூடாதுப்பா," என்று கவுன்சிலர் குறுக்கே வந்தார். "நோயாளி தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் ஆத்தாளை அனுப்பணும்."

"நோயாளியே இல்லையே, யாரு தலையில ஊத்த?"

கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். "அதைக் கமிட்டியில வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"கமிட்டி கூடுறதுக்குள்ள அவன் திரும்பக் கப்பலேறிருவான்யா!" என்றாள் எதிர்வீட்டு ஒச்சம்மாள்.

பொன்னழகு வாசற்படிக்கு உள்ளே நின்று அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். இதற்குக் கடலே தேவலை என்றிருந்தது. அது இத்தனை கிட்டத்தில் அவனை நிறுத்தி வைத்து மறித்ததில்லை.

விறுவிறுவென்று உள்ளே போய்த் தவலைத் தண்ணீரைத் தூக்கிவந்து, தெருவே பார்க்கத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஊத்தியாச்சு. ஆத்தா எறங்கிட்டா," என்றாள், முகத்தில் வழிந்ததைத் துடைக்காமல். "உள்ள வாங்க."