பஸ்திடா கேட்ட பங்கு

1971இல் மியூனிக்கில் நான் எழுதிய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்தான் எல்லாக் கலகத்துக்கும் காரணம். அதில் பஸ்திடாவுக்காக வாதாடியிருந்தேன். மூன்றாம் நூற்றாண்டில் கெபிட் என்ற ஜெர்மானிய இனத்தை ஆண்ட மன்னன் அவன். பர்குண்டியர் என்ற இன்னோர் இனத்தை நொறுக்கிய கையோடு, கோத் மன்னன் ஆஸ்ட்ரோகோத்தாவுக்குத் தூதனுப்பினான்: நிலம் கொடு, இல்லாவிட்டால் போர்.

ஜெர்மன் அறிஞர்களுக்கு அவன் வெறும் பேராசைக்காரன். ஆனால் கெபிட், கோத் இரண்டு இனமும் ஒரே வம்சம், வடக்கிலிருந்து ஒன்றாகக் கப்பலேறி வந்தவர்கள் என்கிறது பழைய லத்தீன் வரலாறு. பிந்தி வந்த கப்பலில் இருந்த கெபிட்களுக்கு மலையும் காடும்தான் மிஞ்சின. இதைப் போய்ப் படையெடுப்பு என்பதா? பச்சையான பங்காளிச் சண்டை. பாகப்பிரிவினை வழக்குகளைக் கேட்டே வளர்ந்த தஞ்சாவூர்க்காரிக்கு இது புரிய லத்தீன்கூட வேண்டாம்.

என் பேராசிரியர் லிண்ட்னர் முதலில் சிரித்தார். மூல நூலை வரிவரியாகப் பிரித்துக் காட்டினேன், சிரிப்பு நின்றது. கொஞ்ச நாளில் அந்த அத்தியாயத்தைக் கட்டுரையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். தட்டச்சுப் பிரதியில் அவர் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு அடிக்குறிப்பில் ஒரு நன்றி.

வீட்டில் கணவர் சேதுராமன் சமாதானம் சொன்னார். "டாக்டரேட் கைக்கு வர்ற வரைக்கும் பேசாம இரு. அவர் ஸைன் பண்ணலேன்னா என்ன பண்ணுவே?"

நியாயமான பயம்தான். ஆனால் இதைக்கூடக் கேட்காவிட்டால், இனி எந்த ராஜாவைப் பற்றியும் வாய் திறக்க எனக்கே கூசும். மறுநாள் லிண்ட்னர் அறைக்குப் போய், கட்டுரை என்னுடையது, என் பெயரில்தான் வர வேண்டும் என்றேன்.

லிண்ட்னர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார். "இங்கே நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள் சண்டை எதற்கு?"

"ஆஸ்ட்ரோகோத்தாவும் தூதர்களிடம் இதையேதான் சொன்னான். உறவினரோடு போரிடுவது பாவம் என்றான். நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை."

அவர் முகம் சிவந்தது. "அந்தப் போரில் பஸ்திடா தோற்றான். நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. கேட்டதால்தான் அவன் பெயராவது நமக்குத் தெரிகிறது."

நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அவர் பேனாவை எடுத்துத் தட்டச்சுப் பிரதியில் தன் பெயரை அடித்தார். பிறகு, என் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவரிடம் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். கனகவல்லி என்று ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னேன்.