அக்காவின் கைகள்

"அம்மாவைக் கூட்டிட்டு வந்துடாதேடா" என்று அக்கா காலையில் போன் செய்தும் ஒருமுறை சொன்னாள். நான் என்ன செய்ய? அம்மா அதற்குள் குளித்து, தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் பேச்செல்லாம் சைகையில்தான். பிடிக்காத பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தோடு வாதம் முடிந்தது.

சட்டமன்றத்தில் பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். கீழிருந்து எங்களைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. என்னை ஒரு முறை முறைத்தாள். வீட்டுக்கு வா, வச்சிக்கிறேன் என்று அர்த்தம்.

அக்கா முதல்முறை உறுப்பினர். மற்றவர்கள் பாலம், சாலை என்று கேட்பார்கள். இவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் சைகைமொழி தெரிந்த ஒருவர் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். வக்கீலாக இருந்தபோதும் இதே பாட்டுதான். "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று சொந்தக் கட்சிக்காரர்களே சிரிப்பார்கள். அந்த மசோதாதான் இன்று விவாதத்துக்கு வந்திருந்தது. விழுந்தால் இந்த ஆட்சியில் மறுபடி எழாது.

அமைச்சர் எழுந்தார். "நோயாளியோட வீட்ல இருந்து யாராவது கூட வரத்தானே செய்றாங்க? அவங்க எடுத்துச் சொல்ல மாட்டாங்களா? தனியா ஒரு ஆள் எதுக்கு?"

அக்கா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"வர்றாங்க. நானும் போனேன். அப்ப நாலாவது படிச்சிட்டிருந்தேன். அப்பா பிழைக்க மாட்டார்னு டாக்டர் என்கிட்டதான் சொன்னார். அதை அம்மாகிட்ட நான் சொல்லணும். தம்பி அம்மா இடுப்புல இருந்தான். என்னால முடியல. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்லிட்டேன். அம்மா அவர்கிட்ட கடைசியா ஒரு வார்த்தை பேசக்கூட இல்ல."

எனக்கே இது புதுச் செய்தி. அதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது அவள் கைகள்தான். வாய் பேசப் பேச அவையும் பேசிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வியாதி அது. மனசு கலங்கினால் இரண்டும் சேர்ந்தே வரும். முடிக்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். எல்லாம் சொல்லியாகிவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, அரசு ஏத்துக்குது" என்றார். மேசைகள் தட்டப்பட்டன. எதுவும் அக்கா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்து கைகளைத் தூக்கினாள். காவலர் ஓடிவந்தார். "இங்க கையெல்லாம் ஆட்டக்கூடாதும்மா!"

"அவங்க பேசுறாங்க சார்" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: 'அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீ தூங்கினப்புறம் அப்பா பக்கத்துலதான் இருந்தேன். விடிய விடிய பேசிட்டிருந்தோம்.'

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"உறுப்பினர் உட்காரலாம்" என்றார் பேரவைத் தலைவர். மறுபடியும் சொன்னார். அக்கா உட்காரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாயே திறக்காமல் கேட்டாள்: 'அப்பா என்னம்மா சொன்னார்?'

அம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு நன்றாகத் தெரியும்படி மாடத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.