தண்ணீர்க் கோல்

அடுத்த ஆண்டுக்குத் தண்ணீர்க் கோல் யாருக்கு என்று சபைத் தலைவர் காஸ்பர் கேட்டதும், தகரக் கூரைக்கடியில் இருநூறு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தொப்பி வைத்திருந்தவர்கள் அதை நெற்றிக்கு இழுத்துவிட்டார்கள். கோல் பிடிப்பவருக்கு ஊர்த் தண்ணீர்ப் பொறுப்பு, ஓராண்டு வேலை. சம்பளம் இல்லை. காட்டுக்குள் ஏறி ஊற்றுகளைப் பார்க்க வேண்டும், குழாய் தோண்ட வேண்டும், ஊரிடம் திட்டு வாங்க வேண்டும். தொத்தோனிகபான் மலைகளில் பெயர் வந்தவர் தப்புவது கடினம். ஆனால் யாரும் அதைத் தானாகக் கேட்கவும் கூடாது. கேட்டவருக்குக் காட்டு மரத்தின் மேல் கண் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எர்லிந்தாவுக்கு அது வேண்டும். அவள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாய் இருமும். போன வாரம் தனியாக மேல் ஊற்றுவரை ஏறிப் பார்த்தாள். தொட்டிக்குள் பைன் வேர் புகுந்து, பாதித் தண்ணீர் ஓடைக்கு வழிந்துகொண்டிருந்தது. உள்ளே விட்ட கையை முழங்கைவரை குளிர் கடித்தது. வேரை வெட்டியெடுக்க இரண்டு நாள் வேலை. அவ்வளவுதான். அவள் ஓடியே இறங்கினாள்.

இப்போது அவள் பெயரை இன்னொரு வாய் சொல்ல வேண்டும். எழுந்தாள்.

"மேல் ஊத்துத் தொட்டிய இந்த வருஷம் யாராச்சும் தொறந்து பாத்தீங்களா?"

இந்த ஆண்டு கோல் பிடித்தவன் எவுசேபியோ, அவள் கணவனின் தம்பி. "பாத்தோம் அண்ணி."

"எப்ப? கனவுலயா?"

சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

"வேரு என் கைத்தண்டி போயிருக்கு கொழுந்தனாரே. நீங்க கோலப் புடிச்சிட்டு ரோட்டுல நடந்தீங்க, தண்ணி ஓடையில நடந்துச்சு."

"இவ்வளவு தெரிஞ்ச எர்லிந்தா அண்ணியே கோலப் புடிக்கட்டுமே!"

காஸ்பர் பேனாவைத் திறந்தார். "பேர் சொல்லிட்ட."

"ஐயா, நான் சும்மா..."

"இங்க சும்மாவெல்லாம் கிடையாது."

உடனே ஒப்புக்கொண்டால் கேட்டதாகிவிடும். எர்லிந்தா முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"என்னால ஆகாதுங்க ஐயா. ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரரு பொழைக்க வடக்க போயி அஞ்சு வருஷமாச்சு."

பேனா நின்றது. "நியாயந்தான்," என்றார் காஸ்பர். "பாவம், ஒத்தைப் பொம்பளை. விட்டுரலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நல்ல சாக்கைச் சொல்லியிருக்கக் கூடாது.

"இல்லீங்க ஐயா, பிள்ளைங்க வளந்துட்டாங்க. முட்டிவலிதான். மலையேற முடியாது."

"முட்டிவலியா!" பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கார பெத்ரோனா கத்தினாள். "போன செவ்வாக்கெழம ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்சு எறங்கினது யாருடி, உன் தங்கச்சியா?"

கூரை அதிர்ந்தது. காஸ்பரும் சிரித்துவிட்டார். "சாக்கு செல்லாது. கையத் தூக்குங்க."

பெயர் வந்தவர் கை தூக்கக் கூடாது. எர்லிந்தா உட்கார்ந்து, தன் கைகளைச் சால்வைக்குள் இறுக்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. மணிக்கட்டுவரை நீலம் ஏறிய சாயக்காரர்களின் கைகள் எழுந்தன. மெருகெண்ணெய் காய்ந்த தச்சர் கைகள். பெத்ரோனா மாவுக் கை இரண்டையும் தூக்கியிருந்தாள். "ஒண்ண எறக்குடி," என்றது ஒரு குரல். எவுசேபியோ யாரையும் பார்க்காமல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

காஸ்பர் எண்ணிக்கொண்டே கதவுவரை வந்தார். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் அப்போதுதான் பெயரைக் கேட்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிகளுக்கிடையே, ஒன்றன்மேல் ஒன்றாக, கைகள் உள்ளே நீண்டன. அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

"அசையாதீங்க," என்று கத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.