முன் பிரேக் பிடித்த நாள்

பழைய குற்றாலத்திலிருந்து ஆயிரப்பேரிக்கு இறங்குகிற ரோட்டில், வளைவு திரும்பியதும் ஒரு மாடு குறுக்கே நின்றது. துல்கர்னைன் முன் பிரேக்கை இறுக்கினான். லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டதே தவிர வண்டி கேட்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தான். சாரலில் நனைந்த ரோட்டில் பின் சக்கரம் வழுக்கி, வண்டி ஓரத்துப் புல்லில் மெல்லச் சாய்ந்தது. எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் அத்தனை நிதானமாக நடந்தது. மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

பின்னால் இருந்த மனைவி ராபியா எழுந்து பர்தாவில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"அடி பட்டுச்சா?" என்றான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்குத்தான் என்னமோ இருக்கு."

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம். அவன் சவுதியில் எலெக்ட்ரீசியனாக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இருவரும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு வருஷம். ஏப்ரலில் ஒரேயடியாக ஊர் திரும்பியவனுக்குத் தன் வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியவில்லை. மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்தாள். ராபியா முன்னறையில் தையல் மெஷினோடு இருந்தாள். நடைபாதையில் எதிர்ப்பட்டால் இருவரும் விருந்தாளிகளைப் போல ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். வீட்டு வாசலில் உட்கார ஒரு காரணம் வேண்டுமென்றுதான் தன்னைவிட வயதில் மூத்த அந்த பைக்கை அவன் வாங்கினான்.

மெக்கானிக் ஜெனோ புது கேபிளும், சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற புது பிரேக் ஷூ இரண்டும் போட்டுக் கொடுத்திருந்தான். பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. "பழைய வண்டிக்கு முன் பிரேக் பேருக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான்.

வண்டி சாய்ந்த மறுநாள் காலை, போர்டிகோவில் எஞ்சினுக்கடியில் செங்கல் வைத்து முன் சக்கரத்தைக் கழற்றினான் துல்கர்னைன். வெளியே வெயிலும் சாரலும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ராபியா இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஷூ புதுசுதான?"

"புதுசுதான். ஏன் பிடிக்கலன்னுதான் தெரியல."

"புதுசுன்னா சரியா இருக்குமாக்கும்? புது ரவிக்கயும் போட்டுப் பாத்தாத்தான எங்கன பிடிக்கு, எங்கன தூக்கிட்டு நிக்குன்னு தெரியும்."

உள்ளே போய்த் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டியை எடுத்து வந்தாள். இரண்டு ஷூவிலும் அழுத்திப் பூசினாள். அவன் சக்கரத்தை மாட்டி, சுற்றிவிட்டு, பிரேக்கை மெல்லத் தொட்டு, மறுபடியும் கழற்றினான். ஷூவின் ஒரு முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் நீலம் அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பூசினது பூசினபடி இருந்தது.

"இங்கன பாருங்க. இம்புட்டுதான் தொடுது."

அவன் அதையே வெகுநேரம் பார்த்தான்.

அழிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார்கள். பூசினார்கள், மாட்டினார்கள், சுற்றினார்கள், கழற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நீலம் அழிந்தது. தேய்க்கத் தேய்க்கப் பேச்சும் வந்தது. ஒரு ஆடிக் காற்றில் போர்டிகோ தகரம் பறக்கப் பார்த்ததையும், ஒற்றையாளாக அதைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றதையும் ராபியா சொன்னாள். போனில் அவனிடம் சொல்லாத கதை அது.

"எங்க ரூம்ல பதினோரு பேரு, ஒரே பாத்ரூம்" என்றான் அவன். "குளிக்கையில கண்ண மூடிட்டு, மனசுக்குள்ள நம்ம ஐந்தருவில ஒவ்வொரு அருவியா நனைஞ்சுட்டு வருவேன். மூணாவதுக்குப் போறதுக்குள்ள எவனாவது கதவத் தட்டிருவான்."

ராபியா சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஆறாவது தடவை ஷூ முழுக்க நீலம் போயிருந்தது. சக்கரத்தை மாட்டினான். அச்சு நட்டை இறுக்குமுன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஷூ இரண்டும் டிரம்முக்கு நடுவில் சரியாக உட்காரும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

"நீ லிவரப் பிடி. நான் சொல்லுத வரைக்கும் விடாத."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினான். வேலை முடிந்தது. ஆனால் விடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்த நுனிகள், நகக்கண்ணில் நீலப்பொடி. இந்தக் கைகளை இத்தனை பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த மேகம் தெருவுக்குள் இறங்கி, எதிர்வீட்டை மறைத்து, போர்டிகோவை மட்டும் தனியாக மிதக்கவிட்டது.

"விடவா?"

"இன்னும் கொஞ்சம்."

"நட்டு இறுகிட்டுல்லா?"

"இறுகிட்டு."

அவள் விடவில்லை.

மதியம் வண்டியை வெளியே எடுத்தார்கள். குற்றாலம் ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து முன் பிரேக்கை மட்டும் பிடித்தான். வண்டி தலை குனிந்து நின்றது. ராபியாவின் நெற்றி அவன் முதுகில் மோதியது.

"பிடிக்குது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இன்னொருக்க பாருங்க" என்றாள் ராபியா.

கொஞ்சதூரம் போய் நின்றார்கள். மறுபடியும் போய் நின்றார்கள். ஈரத்தலையோடு அருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சந்திப்பில் டூட்டியிலிருந்த பெண் போலீஸ் கையைக் காட்டி மறித்தாள்.

"என்ன அண்ணாச்சி, வண்டி நின்னு நின்னு வருது? ரிப்பேரா?"

"இல்லம்மா, நல்லாயிட்டு" என்றான் துல்கர்னைன்.

அவள் ஒன்றும் புரியாமல் போகச் சொன்னாள். பத்தடி தாண்டியதும் ராபியா அவன் தோளைத் தட்டினாள். வண்டி நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான். போங்க."