குடம் போன வழி

"எழுதிட்டு அப்புறமா அழு" என்று தியாகேசன் பேனாவை நீட்டினார்.

கவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா முகத்தில் தம்பியைப் பறிகொடுத்த அடையாளம் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் அப்பா குணசேகரன் கிடந்தார். நேற்றுக் காலை வயலுக்குப் போனவர், வரப்பிலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டார். அதை மாரடைப்பு என்று இந்த வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. "பேப்பர்காரி அப்பனை எழுதியே கொன்னுட்டா" என்றுதான் அப்பாவின் தங்கை ஒப்பாரிக்கு நடுவில் சொன்னாள்.

பேப்பராம், பெரிய பேப்பர்! தஞ்சாவூரில் பதினோரு பேர் இதழியல் படிக்கிற சின்னக் கல்லூரி. மாதம் ஒருமுறை மாணவர்களே போடுகிற நாலு பக்கம். அதில் தன் ஊர் வாய்க்காலைப் பற்றி எழுதியிருந்தாள். கிராவல் மண் அடித்து அதைத் தூர்த்து மனைக்கல் நட்டவர் இந்தப் பெரியப்பாதான். அங்கே வாய்க்காலே இருந்ததில்லை, பட்டா இடம் என்று சாதித்துக்கொண்டிருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதை அவள் அப்படியே போட்டிருந்தாள்: "எங்கப்பா செத்தப்போ அந்த வாய்க்கால் படித்துறையிலதான் குளிப்பாட்டத் தண்ணி எடுத்தோம். குடத்தைத் தூக்கிட்டு வந்ததே எங்க அண்ணன்தான்."

பேரில்லாமல் போடுவது வதந்தி என்பார் ஆசிரியை கமருன்னிஸா. அதனால் பேரும் வயசும் போட்டாள். பேர் போடலாமா என்று அப்பாவிடம் கேட்கத்தான் தோன்றவில்லை. வீட்டு ஆளிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டாள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, தாசில்தார் ஜீப் வந்து நின்றது. இரண்டு மாதமாக அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"என்ன எழுதணும்?"

"அப்பா அப்படிச் சொல்லல, நானாத்தான் எழுதிக்கிட்டேன்னு எழுதி கையெழுத்துப் போடு. வியாழக்கிழமை தாசில்தார் விசாரணை."

"அப்பா சொன்னாங்க பெரியப்பா."

"அப்ப நீயே குடத்தைத் தூக்கு, நீயே கொள்ளி வை. டேய் சதீஷ், கெளம்பு! பங்காளி ஒருத்தன் இந்த வாசல்ல நிக்கக் கூடாது."

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவன் அவர் மகன் சதீஷ். அவன் யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

அம்மா அனுராதா தலையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து வந்தாள். "போட்டுத் தொலைடி. நீ படிச்சுக் கிழிச்சது போதும். அந்த மனுசன் அனாதப் பொணமாப் போகணுமா?"

"போட்டா பொய் எழுதினவள்னு காலேஜ்ல தூக்கிடுவாங்கம்மா."

"தூக்கட்டும்."

எழுதினாள். எழுத்து கோணாமல் வந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பெரியப்பா இரண்டு முறை படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லாரு" என்றார். நாசமாப் போ என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு அவர் குடத்தை வாங்கினார். மூத்தவர்தான் முன்னால் போக வேண்டும். குளிப்பாட்டத் தண்ணீரைப் பிள்ளையார் கோயில் குழாயில் பிடிப்பதாகப் பேச்சு. சங்கு ஊதியது, மேளம் கிளம்பியது, பங்காளிகள் பின்னால் நடந்தார்கள். "பொம்பளப் புள்ள நீ எங்க வர்ற?" என்று யாரோ அதட்டினார்கள். அவள் காதில் வாங்காமல் நடந்தாள்.

தெருமுனையில் கோயில் இடப்பக்கம். பெரியப்பா வலப்பக்கம் திரும்பினார். மேளக்காரர்களும் திரும்பினார்கள், எல்லோரும் திரும்பினார்கள். இந்தத் தெருவில் சாவுக்குத் தண்ணீர் எடுக்க வேறு பக்கம் போய் யாருக்கும் பழக்கமில்லை. மனைக்கற்களுக்கு நடுவில் கிராவலை மிதித்துக்கொண்டு அவர் நேராகப் போனார். ஓரிடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, படி இறங்க வலது காலை நீட்டினார்.

படி இல்லை. தரையில் கால் தடுக்கிக் குடத்தோடு தடுமாறி நின்றார்.

மேளம் நின்றுவிட்டது. சதீஷ் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

அவர் கொடுத்த பேனா இன்னும் கவிப்ரியா கையில்தான் இருந்தது. உள்ளங்கையை விரித்தாள்.

"தியாகேசன், அறுபத்தொன்னு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "பேர் போடலாமா பெரியப்பா?"

அவர் காலிக் குடத்தைத் தோளில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.